கல்யாணச் செலவும் கடைவீதியும்: பெரிய பொருள் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை





ஒவ்வொரு ரமலானிலும் ஜகாத் உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு மனுக்கள் வருகின்றன. பாலக்கரை, உறையூர், தென்னூர், ஸ்ரீரங்கம் என்று பல பகுதிகளிலிருந்தும் வரும் அந்த மனுக்களை உட்கார்ந்து படிக்கும்போது ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மனு போட்டவர்களில் சிலர் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்புவரை யாரிடமும் கை நீட்டாதவர்கள். ஆட்டோ ஓட்டியோ, தையல் தைத்தோ, கடையில் வேலை பார்த்தோ குடும்பத்தைக் கௌரவமாக நடத்தியவர்கள். அவர்களைச் சாய்த்தது நோயோ விபத்தோ கூட இல்லை. ஒரு கல்யாணத்துக்கு நகை வாங்கியது, ஒரு நகைச் சீட்டில் பணம் போட்டது, தவணையில் ஒரு ஃபிரிட்ஜ் எடுத்தது, பெயர் மாற்றாமல் ஒரு பழைய வண்டி வாங்கியது என்று ஏதோ ஒரு பெரிய செலவில் சறுக்கியிருக்கிறார்கள்.

கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் கைநழுவிப் போனபின் உதவி செய்வதைவிட, போகாமல் பார்த்துக்கொள்ள உதவுவது மேல். ஆகவே இந்த இதழில், திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் குடும்பங்கள் அதிகமாகச் செலவழிக்கும் சில பொருட்களைப் பற்றியும், ஏமாந்துவிட்டால் எங்கே போய் முறையிடுவது என்பதைப் பற்றியும் விளக்கமாக எழுதுகிறோம்.

எழுதி வைப்பது மார்க்கக் கடமை

குர்ஆனில் மிக நீளமான வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையையோ நோன்பையோ பற்றி அது பேசவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறிப்பிட்டு எழுதி வைத்துக்கொள்வது, சாட்சி வைத்துக்கொள்வது ஆகியவை பற்றித்தான் அவ்வளவு விரிவாகப் பேசுகிறது. மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியும் நமக்குத் தெரிந்ததே. பொருளைத் தொட்டுப் பார்ப்பதும், குறையைக் கேட்பதும், எழுத்தில் வாங்குவதும் சந்தேகப் புத்தி ஆகாது. "தெரிந்த பாய் கடைதானே, பில் எதற்கு?" என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நல்ல வியாபாரி பில் கேட்டால் வருத்தப்பட மாட்டார்.

தங்கம்: மூன்று முத்திரை, நான்கு வரி

திருச்சியில் நகை என்றாலே பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி, என்.எஸ்.பி. ரோடு என்று கால் தானாகப் போகும். கடைக்குள் நுழைவதற்கு முன்பு இந்த விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

2021 ஜூன் மாதம் முதல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. குறியீடு உள்ள ஹால்மார்க் நகையைத்தான் கடைக்காரர் விற்கலாம். ஆகவே நகையில் மூன்று முத்திரைகள் இருக்க வேண்டும். ஒன்று, பி.ஐ.எஸ். நிறுவனத்தின் முக்கோணச் சின்னம். இரண்டு, தரம்: 22 காரட் என்றால் 916, 18 காரட் என்றால் 750. மூன்று, அந்த ஆறு இலக்கக் குறியீடு. இந்தக் குறியீடு ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. இரண்டு நகைகளில் ஒரே குறியீடு இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

முத்திரை மிகச் சிறியதாக இருக்கும். கடையில் பூதக்கண்ணாடி கேட்டால் தருவார்கள். பிறகு உங்கள் செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியை இறக்கி, அந்தக் குறியீட்டை அதில் அடித்துப் பாருங்கள். அது வளையலா, சங்கிலியா, எந்தத் தரம், எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது என்று காட்டும். கையில் இருப்பது சங்கிலி, செயலி காட்டுவது மோதிரம் என்றால் அந்த நகை வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைக் கூட அழைத்துச் சென்றால் இரண்டு நிமிட வேலை. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மூக்குத்தி, சின்னக் கம்மல் போன்றவற்றை நம்பிக்கையான கடையில் பார்த்து வாங்க வேண்டும்.

பில்லில் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம். இதில் 'நிகர எடை' என்பதுதான் முக்கியம். கல் வைத்த நெக்லஸ் மொத்தம் 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கல்லும் மெழுகும் 3 கிராம் என்றால் தங்கம் 21 கிராம்தான். கல்லுக்கும் தங்க விலை போட்டுவிட்டால், கிராம் 10,000 ரூபாய்க் கணக்கில் 30,000 ரூபாய் போய்விடும். விற்கப்போகும்போது அந்தக் கல்லுக்கு யாரும் தங்க விலை தரமாட்டார்கள்.

சேதாரம், கூலி: எந்தக் கடை மலிவு?

கிராம் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் வருவது சேதாரத்திலும் கூலியிலும். கடைக்குக் கடை பெயர் மாற்றிச் சொல்வார்கள். அதனால் பெயரைப் பார்க்காமல் கடைசித் தொகையைப் பார்க்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்து ஐந்து பவுன் சங்கிலி, அதாவது 40 கிராம், வாங்குவதாகப் பார்ப்போம்.

முதல் கடையில் சேதாரம் 8 சதவீதம், கூலி தனியாகக் கிடையாது. தங்கம் 4,00,000, சேதாரம் 32,000, கூட்டினால் 4,32,000. அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 12,960. மொத்தம் 4,44,960 ரூபாய்.

இரண்டாவது கடையில் "சேதாரம் அறவே இல்லை" என்று பெரிய பலகை. ஆனால் கூலி கிராமுக்கு 1,200 ரூபாய். தங்கம் 4,00,000, கூலி 48,000, கூட்டினால் 4,48,000. ஜி.எஸ்.டி. 13,440. மொத்தம் 4,61,440 ரூபாய்.

சேதாரமே இல்லாத கடையில் 16,480 ரூபாய் அதிகம்! ஆகவே இரண்டு மூன்று கடைகளில் ஒரே எடை, ஒரே மாதிரி நகைக்கு "எல்லாம் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு?" என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் போய் வாங்குங்கள். சேதாரமும் கூலியும் பேசிக் குறைக்கக் கூடியவை. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வாங்கிய நகையின் தரத்தில் சந்தேகம் வந்தால், பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். முத்திரையில் சொன்ன தரம் இல்லை என்று தெரிந்தால், விற்ற எடைக்குத் தரக் குறைவால் வரும் விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் நஷ்ட ஈடாகத் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதி.

பழைய நகையை மாற்றும்போது

அம்மாவின் பழைய நகையைக் கொடுத்து மகளுக்குப் புதியது எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பழைய நகையில் ஹால்மார்க் இல்லாவிட்டாலும் அதை வைத்திருக்கவோ விற்கவோ தடை இல்லை. முத்திரைக் கட்டாயம் விற்கும் கடைக்காரருக்குத்தான். ஆனால் தங்கத்துக்குத் தங்கம் மாற்றும்போது எடை சமமாகவும், கைக்குக் கை உடனுக்குடனும் இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். அதனால் பழையதை விற்று அதன் தொகையைக் கையில் வாங்கியபின், தனியாகப் புதியதை வாங்குவதே பேணுதலான முறை என்று உலமாக்கள் சொல்கிறார்கள்.

இதில் உலக லாபமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கழிக்கும்போது பழைய நகைக்கு எத்தனை சதவீதம் கழித்தார்கள், புதியதற்கு எவ்வளவு சேதாரம் ஏற்றினார்கள் என்பது நமக்குப் புரியாமல் போய்விடும். தனித்தனியாகச் செய்தால் இரண்டும் வெளிச்சத்தில் இருக்கும். உருக்கிப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் கண் முன்னே உருக்கச் சொல்லுங்கள். உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நகைச் சீட்டு ஏன் பதினொரு மாதம்?

மாதாமாதம் பணம் கட்டி, கடைசியில் நகையாக எடுத்துக்கொள்ளும் சீட்டு பெரும்பாலும் 11 மாதமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான். கம்பெனிகள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்குக் கடுமையான சட்டம் உண்டு. ஆனால் பொருள் தருவதற்காக வாங்கும் முன்பணம், 365 நாட்களுக்குள் அந்தப் பொருளுக்காக ஈடுசெய்யப்பட்டால், அது டெபாசிட் கணக்கில் வராது என்று 2014ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த ஒரு வருஷத்துக்குள் முடிக்கத்தான் 11 மாதம். ஆக, சீட்டில் கட்டும் பணம் வங்கியில் போட்ட பணம் போன்றது இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. நகைச் சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கடை மூடினால் நாம் வரிசையில் நிற்கும் கடன்காரர்களில் ஒருவராகிவிடுவோம்.

இதை நம் ஊர் நன்றாக அறியும். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு சென்னை, மதுரை, கும்பகோணம் உள்ளிட்ட பல ஊர்களில் கிளை நடத்திய பிரணவ் ஜுவல்லர்ஸ் நிறுவனத்தின் கடைகள் 2023 அக்டோபரில் மூடப்பட்டன. தங்க முதலீட்டுத் திட்டத்தில் பணம் போட்டவர்கள் கதவுக்கு முன்னால் கூடி நின்றார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். நவம்பரில் அமலாக்கத்துறை சோதனை நடத்தி, சுமார் 100 கோடி ரூபாய் பொதுமக்களிடம் திரட்டப்பட்டதாகத் தெரிவித்தது.

ஆகவே சீட்டு விஷயத்தில் நான்கு எச்சரிக்கைகளைச் சொல்கிறோம். ஒன்று, நகை தருவதாகச் சொல்வதை விட்டுவிட்டு "மாதம் இத்தனை சதவீதம் லாபம்" என்று யாராவது சொன்னால் அந்தப் படியில் ஏறாதீர்கள். நிச்சயமான லாபம் என்பது மார்க்கத்திலும் கேள்விக்குரியது, சட்டத்திலும் கேள்விக்குரியது. இரண்டு, ஒரே இடத்தில் குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் போடாதீர்கள். மூன்று, ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குங்கள்; பாஸ் புத்தகத்தில் முத்திரை போடச் சொல்லுங்கள். நான்கு, முடிவில் எந்த நாள் விலைக்குக் கணக்குப் போடுவார்கள், சேதாரம் எவ்வளவு தள்ளுபடி, இடையில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சீட்டின் வடிவம் மார்க்கப்படி ஆகுமா என்பதை உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் அந்தத் தாளைக் காட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலச் சீட்டு என்றால் அது 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு இல்லாத சீட்டில் பணம் போனால் மீட்பது மிகவும் கடினம்.

"வட்டியே இல்லாத தவணை"

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., செல்போன் கடைகளில் 'பூஜ்ஜியம் சதவீத வட்டி' என்ற பலகை இல்லாத கடையே இல்லை. வட்டியை விட்டு விலக நினைக்கும் நம் மக்கள் இதை நம்பி ஆறுதலோடு கையெழுத்துப் போடுகிறார்கள். பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்று உண்மையில் கிடையாது, வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஃபிரிட்ஜ் தவணையில் எடுத்தால் மாதம் 3,000 வீதம் பத்து மாதம், 30,000 ரூபாய். கையெழுத்துப் போடும்போது 'செயலாக்கக் கட்டணம்' 700 ரூபாய். அதே ஃபிரிட்ஜை மொத்தப் பணம் கொடுத்து வாங்கினால் பேரம் பேசி 28,000 ரூபாய்க்கு முடிகிறது. அந்த 2,700 ரூபாய்க்குப் பெயர் என்ன? பலகையில் என்ன எழுதியிருந்தாலும், காலம் தாழ்த்திக் கொடுப்பதற்காக நிதி நிறுவனத்துக்கும் கடைக்கும் நாம் தரும் கூடுதல் அது. ஒரு தவணை தவறினால் அபராதமும் ஏறும். வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கியும் ஒரு கட்டணம் பிடிக்கும்.

2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு 'முக்கிய விவரத் தாள்' ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். அந்தத் தாள் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. "தமிழில் கொடுங்கள், படித்துவிட்டு நாளை வருகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தத் தாளில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் இருந்தால் பலகை சொன்னது உண்மை இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்று நான்கு மாதம் பொறுத்து, பணம் சேர்த்து வாங்குவதுதான் சிறந்த வழி. தையல் மெஷின் போல வருமானம் தரும் பொருள் உடனே தேவைப்பட்டால், உங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

வீட்டுச் சாமான்: நட்சத்திரமும் சீரியல் எண்ணும்

ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை மட்டும் எண்ணினால் போதாது. அதே வில்லையில் ஒரு வருஷத்துக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்றும், அந்தத் தர மதிப்பீடு எந்தக் காலத்துக்கு உரியது என்றும் அச்சிட்டிருக்கும். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நான்கோ மூன்றோ ஆகிவிடும். ஆகவே யூனிட்டை ஒப்பிடுங்கள். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக யூனிட் விலையும் படிப்படியாகக் கூடும். சின்னக் குடும்பத்துக்கு அளவான ஃபிரிட்ஜ் எடுத்தால் வருஷம் முழுவதும் அந்த மிச்சம் தெரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எம்.ஆர்.பி. என்பது உச்ச வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே பேரம் பேசுவது வாங்குபவரின் உரிமை.

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். "பத்து வருஷ வாரண்டி" என்று சொன்னால், அது முழுப் பொருளுக்கா, கம்ப்ரசருக்கோ மோட்டாருக்கோ மட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முழுப் பொருளுக்கு ஒரு வருஷம்தான் இருக்கும். பொருள் வீட்டுக்கு வந்ததும், கொண்டுவந்தவர் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து, அடி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால் பலரும் வாயடைத்துப் போகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் விலை குறைவு என்ற காரணங்களுக்கு இது பொருந்தாது.

பழைய வண்டி: பெயர் மாற்றாமல் சாவி வாங்காதீர்கள்

வேலைக்குப் போக இரண்டாம் கை மோட்டார் சைக்கிள் வாங்குவோர் நம்மிடையே அதிகம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். 'எம்-பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு, இன்ஷூரன்ஸ், கடன் பாக்கி விவரம் தெரியும். கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிதி நிறுவனத்தில் கடன் இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35ம் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, இருவரும் கையெழுத்திட்ட படிவம் 30 இரண்டும் வேண்டும். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். திருச்சி மேற்குக்கு டி.என். 45, ஸ்ரீரங்கத்துக்கு டி.என். 48, திருச்சி கிழக்குக்கு டி.என். 81 என்று அலுவலகங்கள் தனித்தனி. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

வண்டியை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, எங்கோ நடந்த விபத்துக்கு உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம். பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதுதான்.

கடைக்குப் போகும் நாள்

பெரிய பொருளுக்கு இரண்டு நடை வையுங்கள். முதல் நடை விசாரிக்க, இரண்டாவது வாங்க. முதல் நாள் பணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்ற பேச்சுக்கு அதுவே நல்ல மருந்து. தீபாவளி, ரமலான் கடைசிப் பத்து நாட்களில் என்.எஸ்.பி. ரோட்டிலும் மெயின்கார்டு கேட் பக்கமும் நிற்க இடம் இருக்காது. அந்த நெரிசலில் நிதானமாக முத்திரை பார்க்கவும் முடியாது, கைப்பையைக் காப்பாற்றவும் முடியாது. வேலை நாளில் காலை நேரம் நல்லது. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர்கள் வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போய்விடும்.

தனியாகப் போகாதீர்கள். அத்தாவோ அண்ணனோ வர முடியாவிட்டால், கணக்குத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணையாவது கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய தொகையை ரொக்கமாக எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. வங்கி மூலம் கொடுத்தால் அதுவே ஒரு சாட்சி. பணம் பெறுவதற்கு ஒருபோதும் ரகசிய எண் போட வேண்டியதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். செல்போன் மூலம் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எடைக் குறைவு, எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது போன்றவற்றுக்குத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

இவற்றால் தீராவிட்டால் திருச்சியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைப்பது கட்டாயம் இல்லை. பொருள் சென்னையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடலாம். ஆனால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவி உண்டு. அதன் எண் 15100.

சென்ற வருஷம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சகோதரி வந்தார். கணவர் இல்லை. தையல் தைத்துச் சேர்த்த பணத்தில் ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார். வாங்கிய இரண்டாவது வாரமே குளிர்ச்சி நின்றுவிட்டது. கடைக்காரர் "கம்பெனியிடம் கேளுங்கள்" என்றார். கம்பெனியோ பில் கேட்டது. அவரிடம் இருந்தது வெறும் துண்டுச் சீட்டு. "படிக்காதவள், எனக்கு யார் பதில் சொல்வார்கள்?" என்று கண் கலங்கினார். அவருடைய மகன் செல்போனில் பணம் அனுப்பிய குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்தான். அதில் தேதியும் தொகையும் கடைப் பெயரும் இருந்தன. அதையும் துண்டுச் சீட்டையும் நகல் எடுத்து, சட்டத்தில் சொல்லியிருக்கும் 30 நாள் விஷயத்தையும் குறிப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கடிதம் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் கடைக்காரரே போன் செய்தார். வேறு ஃபிரிட்ஜ் வந்தது. முறையான பில்லும் வந்தது. வழக்கு வரை போகவில்லை. கடைக்காரரும் கெட்டவர் இல்லை. கேட்க ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்தச் சகோதரி இப்போது தன் தெருவில் யார் எது வாங்கினாலும் "பில் வாங்கினீர்களா?" என்று கேட்கிறாராம். நம் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தால் போதும்.

வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, எல்லா பில்களையும் வாரண்டி அட்டைகளையும் ரசீதுகளையும் அதில் போட்டு வையுங்கள். பில்லின் மை நாளடைவில் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பொருள் வாங்கும் முன்போ, வாங்கிச் சிக்கல் வந்த பின்போ, எந்தத் தாளாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். எந்தச் சமூகத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாராக இருந்தாலும் அழைத்து வாருங்கள்.

ஹலாலாகச் சம்பாதித்ததை வீணாகாமல் காப்பதும் அமானிதமே. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.